அத்தியாயம் 7: கடலடி வேண்டாம், கரை வேண்டும் – மீன் உணவகத்தின் உள்ளமைப்பு

மீன் உணவகம் தொடங்கும் பலரும் உள்ளமைப்பு செய்பவரிடம் சொல்லும் முதல் வாக்கியம், "உள்ளே வந்தா கடலுக்குள்ள வந்த மாதிரி இருக்கணும்" என்பதுதான். விருப்பத்தில் தவறில்லை. ஆனால் அதை அப்படியே செய்து முடித்தால் கிடைப்பது எல்லா ஊரிலும் ஒரே அறைதான்: நான்கு சுவரிலும் அடர்நீலம், கூரையோரம் நீல எல்இடி பட்டை, டால்ஃபின் ஸ்டிக்கர், ஃபைபரில் வார்த்த பவளப்பாறை, வாசலில் ஒரு நங்கூரம். அந்த அறையில் கொண்டுவந்து வைக்கும் வஞ்சிர வறுவல் கருகியதுபோலத் தெரியும். குழம்பின் சிவப்பு சேற்று நிறமாகும். சாப்பாட்டுக்காகக் கட்டிய இடமே சாப்பாட்டின் அழகைக் கெடுத்துவிடும்.

இந்த அத்தியாயம் சொல்லவருவது ஒன்றுதான். கடலின் அடியைக் காட்டாதீர்கள், கடலின் கரையைக் காட்டுங்கள். மீன் உணவாகும் இடம் கரை. படகு ஒதுங்குவதும், வலையை உதறுவதும், கூடை இறங்குவதும், ஏலம் போவதும், அடுப்பு மூட்டுவதும் அங்கேதான். சாப்பிட வருகிறவரும் கரையில் இருக்கிறவர்தான். நிறம், வெளிச்சம், தரை, கூரை, சுவரில் மாட்டும் பொருள் எல்லாவற்றையும் இந்த ஒரு முடிவிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம்.

உண்மையிலேயே கடலுக்கடியில் கட்டிய உணவகங்கள் உலகில் உண்டு. மாலத்தீவின் ரங்காலித் தீவில் 2005இல் திறந்த 'ஈத்தா' கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே, அக்ரிலிக் வளைவுக்குள் 14 பேர் அமரும் அளவில் அமைந்தது. நார்வேயின் தென்முனையில் லிண்டெஸ்னஸில் 2019இல் திறந்த 'அண்டர்' உணவகத்தை ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்தது. அதன் சாப்பாட்டுக்கூடம் நீர்மட்டத்துக்கு ஐந்தரை மீட்டர் கீழே, 11 மீட்டர் அகலச் சன்னலோடு இருக்கிறது. இவ்விரண்டு இடங்களிலும் யாரும் கடலை வரையவில்லை. கடல் சன்னலுக்கு வெளியே இருக்கிறது. 'அண்டர்' உணவகத்தின் உட்புறம் அந்தச் சன்னலோடு போட்டியிடாமல், துணி வேய்ந்த கூரையும் அடங்கிய நிறங்களுமாக ஒதுங்கி நிற்கிறது. கோயம்புத்தூரிலோ அண்ணாநகரிலோ முதல் மாடியில் இருக்கும் ஒரு கூடத்துக்கு அந்தச் சன்னல் கிடையாது. பெயிண்டால் அதை ஈடுகட்டவும் முடியாது. ஆனால் நல்ல கரையொன்றை அங்கே கட்ட முடியும்.

1. உங்கள் கரை எது?

"கடல்" என்று பொதுவாக நினைத்தால் பொதுவான அறைதான் வரும். தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அது முழுவதும் ஒரே மாதிரி இல்லை.

பழவேற்காடு, காசிமேடு, கடலூர் பக்கம் அலை உடையும் திறந்த கரை. வெளிறிய மணல், சாம்பல் கலந்த பச்சை நீர், வெயிலில் நரைத்த கட்டுமரம், சவுக்குத் தோப்பு. வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை பக்கம் சேறும் உப்பளமும் அலையாத்திக் காடும். பாக் நீரிணையின் ஆழமில்லாத நீர் அங்கே அடங்கிக் கிடக்கும். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை பனை, தெளிந்த நீர், உப்புக் குவியல். கொஞ்சம் உள்ளே வந்தால் தேரிக்காட்டின் செம்மணல். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தென்னை, பாறை, மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கனிமம் கலந்த கருமணல்.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். உணவகம் கடலோர ஊரில் என்றால் அந்த ஊர்க் கரையே போதும். மதுரை, சேலம், கோவை என்றால் உங்கள் மீன் வண்டி எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறதோ அந்தக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் இருக்கும் மீனும் சுவரில் இருக்கும் நிறமும் ஒரே இடத்திலிருந்து வந்தால் அலங்காரத்துக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. சப்ளையரும் வாடிக்கையாளரிடம் அதைப் பெருமையாகச் சொல்வார்.

தேர்ந்தெடுத்த கரைக்கு உள்ளமைப்பாளரை அழைத்துக்கொண்டு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். விடிகாலையில் படகு கரைசேரும் நேரத்திலும், மாலை நான்கு முதல் ஆறு மணி வரையிலும் அங்கே இருங்கள். பெயிண்ட் நிறுவனத்தின் ஷேடு கார்டைக் கையோடு கொண்டுபோய் ஈர மணல், காய்ந்த மணல், நீர், படகின் பக்கவாட்டு, பழைய கயிறு ஆகியவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடி எடுக்கும் எந்தப் படத்தையும்விட இந்த ஐந்து எண்கள் உதவும்.

2. நிறம்: ஆறு, மூன்று, ஒன்று

உள்ளமைப்புத் தொழிலில் பழகிய விகிதம் ஒன்று உண்டு. பத்துப் பங்கில் ஆறு பங்கு அடிநிறம், மூன்று பங்கு துணைநிறம், ஒரு பங்கு எடுப்பான நிறம். கரைக்கு அதை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பங்கு மணல். சுவரின் பெரும்பகுதியும் கூரையும் காய்ந்த மணல் நிறத்திலோ சுண்ணாம்பின் மங்கிய வெள்ளையிலோ இருக்கட்டும். பளீர் வெள்ளை வேண்டாம். அது மருத்துவமனையை நினைவூட்டும், மஞ்சள் கறையையும் உடனே காட்டிக்கொடுக்கும்.

மூன்று பங்கு நீர். இங்கேதான் நீலமும் பச்சையும் வரும். வங்கக் கடலின் கரையோர நீர் ஆற்று வண்டலும் அலை கலக்கிய மணலும் சேர்ந்து பெரும்பாலும் சாம்பல் படிந்த பச்சையாகத்தான் இருக்கும். அந்த நிறத்தை எடுத்தால் அறை அமைதியாகும். நீலம் வேண்டுமென்றால் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தெளிந்த நீல-பச்சையை எடுங்கள். எதுவானாலும் ஒரு சுவர், அல்லது இருக்கை முதுகு, அல்லது மேடையின் முகப்பு என்று ஓரிடத்தில் அடங்கட்டும்.

ஒரு பங்கு படகு. நம் கரைப் படகுகளின் சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை ஆகியவற்றிலிருந்து ஒன்றோ இரண்டோ. நாற்காலிக் கால், கதவுச் சட்டம், தண்ணீர்க் குவளை, உணவுப் பட்டியலின் அட்டை போன்ற சிறிய இடங்களுக்கு மட்டும். இந்தப் பத்தில் ஒரு பங்குதான் அறைக்கு உயிர் கொடுக்கும். அளவு கூடினால் கண்ணை உறுத்தும்.

3. ஒளி: சாயும் வெயில்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால் ஒளியைச் செய்யுங்கள்.

கடல்நீர் ஒளியின் எல்லா நிறத்தையும் ஒரேமாதிரி விடுவதில்லை. முதலில் சிவப்பைத்தான் உறிஞ்சுகிறது. பத்து மீட்டர் ஆழம் போவதற்குள் சிவப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். கரையில் செக்கச்செவேல் என்று இருக்கும் சங்கரா மீன் ஆழத்தில் மங்கிய சாம்பலாகத் தெரிவது அதனால்தான். நீல விளக்கு போட்ட உணவகம் இதே வேலையைத் தட்டின்மேல் செய்கிறது. மிளகாயும் மஞ்சளும் புளியும் சேர்ந்த நம் மீன் சமையல் முழுவதும் சிவப்பு, காவி, பொன் நிறங்களில் நிற்பது. அவற்றைக் காட்டும் ஒளியே இல்லாவிட்டால் நாக்குக்கு முன் கண் ஏமாந்துவிடும்.

சங்க மரபில் நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம். உங்கள் அறையின் ஒளிக்கு அதுவே அளவுகோல். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. மாலை வெயில் நிலத்தின் பக்கமிருந்து தாழ்வாக வந்து படகின் மேலும் நீரின் மேலும் விழும். பார்க்கிறவர் கண்ணில் படாமல் பொருளின் மேல் படும் பொன்னொளி அது. இதை அறைக்குள் கொண்டுவருவது கடினமில்லை.

விளக்கு வாங்கும்போது மூன்று எண்களைக் கேளுங்கள். முதலாவது நிற வெப்பநிலை. சாப்பாட்டு மேசைக்கு 2,700 முதல் 3,000 கெல்வின். 6,500 கெல்வின் ட்யூப்லைட் வெளிச்சம் மீனை வெளிறச் செய்யும். இரண்டாவது சிஆர்ஐ என்னும் நிறம் காட்டும் திறன். 90க்குக் குறையாமல் வாங்குங்கள். மூன்றாவது ஆர்9. பொதுவான சிஆர்ஐ எண்ணைக் கணக்கிடும்போது அடர்சிவப்பைச் சேர்ப்பதில்லை, அதைத் தனியாகக் காட்டுவது ஆர்9. இது 50க்கு மேல் இருந்தால் குழம்பின் நிறம் சரியாகத் தெரியும். கடைக்காரர் இந்த எண்ணைச் சொல்ல முடியாவிட்டால் ஒரு பல்பை வாங்கிவந்து மிளகாய்த்தூள் தட்டின்மேல் எரியவிட்டுப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் தெரிகிற சிவப்பே அதிலும் தெரிந்தால் மீதியையும் வாங்கலாம்.

ஒவ்வொரு மேசைக்கும் தனித் தொங்குவிளக்கு, மேசைப் பரப்பிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில். இதைவிடத் தாழ்ந்தால் எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கும், உயர்ந்தால் கண்ணில் அடிக்கும். சுவருக்குத் தாழ்வான இடத்திலிருந்து உரசிச் செல்லும் ஒளி கொடுங்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேடுபள்ளம் அதில் அலை ஒதுக்கிய மணல்போலத் தெரியும். அறையின் மற்ற இடங்கள் கொஞ்சம் மங்கலாக இருந்தால் போதும். முள் எடுத்துச் சாப்பிடும் உணவு என்பதால் தட்டு மட்டும் மங்கலாக இருக்கக் கூடாது. குழந்தைக்கு மீன் பிட்டு ஊட்டும் தாய்க்கு முள் தெரிய வேண்டும். அழகுக்காக இருட்டு வைக்கும் உணவகங்கள் மறப்பது இதைத்தான்.

4. இடத்தைப் பங்கிடுதல்

எடுத்துக்காட்டாக 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். கிச்சனுக்கும் சரக்கறைக்கும் 35 விழுக்காடு, அதாவது 420 சதுர அடி. மீன் மேடை, கல்லா, கை கழுவுமிடம், கழிப்பறை ஆகியவற்றுக்கு 180. மீதி 600 சதுர அடி சாப்பாட்டுக்கூடம். ஒருவருக்கு 15 சதுர அடி கணக்கில் 40 இருக்கை. ஐம்பது போட ஆசை வரும். மீன் சாப்பாட்டில் குழம்புக் கிண்ணம், வறுவல் தட்டு, முள் போடும் தட்டு என்று மேசை நிறைந்துவிடுவதால் நெருக்கம் இங்கே சீக்கிரம் வெறுப்பாகும்.

மேசை உயரம் 30 அங்குலம், நாற்காலி இருக்கை 18 அங்குலம். நால்வர் மேசை 4 அடிக்கு 3 அடிக்குக் குறைய வேண்டாம். வாழையிலை போடுவதாக இருந்தால் ஒருவருக்கு 2 அடி அகலமாவது வேண்டும். சப்ளையர் நடக்கும் முதன்மை வழி 4 அடி, மற்றவை 3 அடி. சக்கர நாற்காலி திரும்ப ஓரிடத்திலாவது 5 அடி வட்டம் விடுங்கள்.

கை கழுவுமிடத்தை ஒரு மூலையில் ஒளிக்காதீர்கள். நண்டு சாப்பிட்டவர் இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி வரும் இடம் அது. மேசையிலிருந்து அங்கே போகும் வழியில் கதவு எதுவும் இருக்கக் கூடாது. குழாய் கைபடாமல் திறப்பதாகவோ, முழங்கையால் தள்ளுவதாகவோ இருக்கட்டும். பெரியவர்களுக்கு 32 அங்குல உயரத்தில் இரண்டு தொட்டி, குழந்தைகளுக்குத் தாழ்வாக ஒன்று. பக்கத்தில் நறுக்கிய எலுமிச்சை. மீனின் கவிச்சி வாடைக்குக் காரணமான அமின்கள் காரத்தன்மை உடையவை, எலுமிச்சையின் புளிப்பு அவற்றை அடக்கும்.

5. மீன் மேடை: அறையின் நடுநாயகம்

கரையின் உயிர்ப்பு ஏலம் விடும் இடத்தில் இருக்கிறது. உணவகத்தில் அதற்கு ஈடானது அன்றைய மீனை ஐஸில் அடுக்கி வைக்கும் மேடை. சுவரோவியத்துக்குச் செலவழிக்கும் பணத்தை இங்கே போடுங்கள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது உண்மையான மீனாக இருக்கட்டும்.

மேடை உயரம் 34 முதல் 36 அங்குலம். மேற்பரப்பு கிரானைட் அல்லது துருப்பிடிக்காத எஃகு. உருகும் ஐஸ் நீர் ஓட முன்பக்கமோ பின்பக்கமோ சாய்வு, அடியில் மூடிய வடிகால். மீனின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிற்க வேண்டும். விளக்கு எல்இடியாகவே இருக்கட்டும், பழைய ஹாலஜன் விளக்கின் சூடு ஐஸை உருக்கும். மேடைக்கு மட்டும் 4,000 கெல்வின் ஒளி பொருந்தும், செதிலின் வெள்ளி அதில் பளிச்சிடும். சிவப்பு சாயம் கலந்த விளக்கைப் போட்டுப் பழைய மீனின் செவுளைப் புதிதாகக் காட்டும் தந்திரம் வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் மீனைக் கையில் எடுத்து, கண்ணையும் செவுளையும் பார்த்து, "இதை வறுவலா போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் அமரும் நம்பிக்கைதான் இந்த மேடையின் பயன்.

மேடையின் முகப்பைப் படகின் பக்கவாட்டுபோல வளைத்து, பலகை அடித்து, படகு நிறம் பூசலாம். படகின் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் வளைந்த சட்டங்களை வங்கு என்பார்கள். அந்த வளைவை மேடைக்கு மேலே கூரையில் நான்கைந்து மரச்சட்டங்களாக இறக்கினால், முழுப் படகைக் கொண்டுவந்து வைக்காமலே படகின் உணர்வு வந்துவிடும்.

பக்கத்தில் கரும்பலகை: மீனின் பெயர், எந்தத் துறைமுகம், விலை. சாக்பீஸில், தமிழில். நெத்திலி, சீலா, பாறை, கிழங்கான், கானாங்கெளுத்தி என்று எழுதிப் பாருங்கள். அச்சடித்த எந்த அலங்கார எழுத்தும் தராத அழகு அதில் இருக்கும்.

6. உப்புக்கும் ஈரத்துக்கும் தாங்கும் பொருள்கள்

தரை: ஈரமும் எண்ணெயும் படும் இடம். வழவழப்பான டைல்ஸ் ஆபத்து. வழுக்குத் தடையை ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் பிரித்து விற்கிறார்கள். விளக்குக்குச் சொன்ன ஆர்9 வேறு, இது வேறு. கூடத்துக்கு 10, கிச்சனுக்கும் மீன் மேடைப் பக்கத்துக்கும் 11 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் வார்த்துச் செய்யும் கைவினைக் கல் அறைக்கு மிகுந்த அழகு தரும். ஆனால் அது சிமெண்டால் ஆனது. புளியும் எலுமிச்சையும் பட்டால் மங்கும். நுழைவாயிலிலும் கல்லா முன்பும் பதியுங்கள், கை கழுவுமிடத்தில் வேண்டாம். கடற்கரை மணலில் படரும் அடும்புக் கொடியின் பிளந்த இலை வடிவத்தை ஆத்தங்குடி கைவினைஞரிடம் வரைந்து கொடுத்துச் செய்யச் சொன்னால் உங்களுக்கே உரிய தரை கிடைக்கும்.

மேசைப் பரப்பு: பளிங்கும் கடப்பாக் கல்லும் புளிப்பு பட்டால் அரிக்கப்பட்டு வெளிறும். கிரானைட் தாங்கும். மரம் வேண்டுமென்றால் இடுக்குகள் முழுவதும் அடைபடும்படி பூச்சு கொடுங்கள். பூச்சில்லாத மரம் மீன் வாடையை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.

பலகைகள்: சாதாரண பிளைவுட் உப்புக் காற்றில் ஓரங்களில் பிரியும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் ஈரத்தில் தொங்கிப்போகும்.

உலோகம்: கடலோரத்தில் இரும்பு ஆணி ஓரிரு மழைக்காலத்துக்குள் சுவரில் துருக்கோடு இறக்கும். கைப்பிடி, கீல், திருகாணி எல்லாம் பித்தளையாகவோ, 316 தர எஃகாகவோ இருக்கட்டும். மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் 304 தரத்தைவிட 316 உப்புக்கு நன்றாகத் தாங்கும்.

பூச்சு: கடல் மணலைப் பூச்சுக் கலவையில் சேர்க்கவே கூடாது. அதிலுள்ள உப்பு சுவரில் வெள்ளையாகப் பூத்து வரும், கம்பியையும் அரிக்கும். மணல் தோற்றம் வேண்டுமென்றால் எம்-சாண்டோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் கையால் தேய்த்த பூச்சு போதும்.

கூரை: கீற்று வேய்ந்த கூரை கரையின் அடையாளம்தான். ஆனால் அடுப்பு எரியும் கட்டடத்தில் அதைப் போடாதீர்கள். 2004இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, கீற்றுக் கூரை பற்றிக்கொண்டதால் பரவியது. கீற்றின் தோற்றம் வேண்டுமென்றால் கான்கிரீட் கூரைக்குக் கீழே, கிச்சன் வாசலிலிருந்து தள்ளி, தீத்தடுப்புக் கரைசல் ஏற்றிய பனையோலைப் பின்னலைச் சட்டங்களாக மாட்டுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு ஓலைப் பின்னலுக்குப் பெயர்போன ஊர். விளக்குக் கூடு, ரொட்டிக் கூடை, பில் வைக்கும் பெட்டி என்று பலவற்றையும் அங்கேயே செய்துவாங்கலாம்.

7. எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது

இதில் சட்டமும் அறமும் சேர்ந்தே வருகின்றன. பவளம், கடல்விசிறி, கடற்குதிரை, கடலாமை ஓடு, சில வகைச் சங்குகள், சிப்பிகள் எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. சுற்றுலா ஊர்க் கடையில் வெளிப்படையாக விற்றாலும் வாங்கி மாட்டுவது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. மீன் குஞ்சு பொரித்து வளர்வது அங்கே. மீனை விற்றுப் பிழைப்பவர் மீனின் தொட்டிலைச் சுவரில் ஆணியடித்து வைப்பது தகாது. பவளத்தின் வடிவம் பிடிக்குமென்றால் சுடுமண்ணில் செய்யச் சொல்லுங்கள்.

வலை மாட்டலாம். ஆனால் கூரை முழுக்கத் தொங்கவிடுவது தவறு. நைலான் வலை எண்ணெய்ப் புகையையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். பழைய வலையை வாங்கிச் சோப்பு நீரில் ஊறவைத்து, வெயிலில் பலமுறை காயவைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் விரித்து மாட்டுங்கள். நெத்திலிக்குப் பயன்படும் நுண்கண் வலையையும், வஞ்சிரத்துக்கான அகலக்கண் வலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் எழுதினால் குழந்தைகளுக்கு அதுவே பாடமாகும்.

ஃபைபர் படகுகள் வந்தபின் கட்டுமரங்கள் பல கரையில் ஓய்ந்துகிடக்கின்றன. பழைய துடுப்பு, மிதவை, கட்டுமரத்தின் ஒரு மரம் ஆகியவற்றை மீனவர்களிடமே நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள். யாருடைய படகு, எந்த ஊர் என்று கேட்டு, அவர் சம்மதித்தால் அடியில் எழுதுங்கள். மீனவர் புகைப்படத்தை மாட்டுவதற்கும் சம்மதமும் ஊதியமும் உண்டு. முண்டாசு கட்டிய மீனவர் பொம்மையை வாசலில் நிறுத்திக் கைகூப்ப வைக்காதீர்கள். தொழில் செய்கிறவரை அலங்காரப் பொருளாக்கும் செயல் அது.

மீன்தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு டன் எடை. மாடியில் வைப்பதற்கு முன் பொறியாளரிடம் கேளுங்கள். உப்புநீர்த் தொட்டிக்குத் தினசரி கவனிப்பு தேவை. அதற்கு ஆள் இல்லையென்றால் தொட்டியே வேண்டாம்.

8. வாடையும் ஓசையும்

கண்ணுக்குத் தெரியாத உள்ளமைப்பு இது. கிச்சனிலிருந்து காற்று வெளியேறும் அளவு, உள்ளே வரும் அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கூடத்துக் காற்று கிச்சனை நோக்கி ஓடும், வாடை இந்தப் பக்கம் வராது. கிச்சன் கதவை லேசாகத் திறந்து ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை கிச்சன் பக்கம் சாய்ந்தால் சரி. திரைச்சீலை, கம்பளம், துணி மெத்தை எல்லாம் வாடையைத் தேக்குபவை. துடைக்கக்கூடிய இருக்கைகளே மேல்.

டைல்ஸும் கல்லும் நிறைந்த அறையில் பேச்சு எதிரொலித்து இரைச்சலாகும். கூரையில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுக் கோரைப்பாய் அல்லது தென்னைநார்ப் பலகையைப் பதித்தால் ஓசை அடங்கும். அந்த இடைவெளி இருந்தால்தான் பலன் நன்றாகக் கிடைக்கும். இவற்றுக்கும் தீத்தடுப்புப் பூச்சு உண்டு. பத்தமடையின் நுண்பாய் கிடைத்தால் அதைக் கூரைக்குச் செலவழிக்காமல் சட்டமிட்டு ஒரு சுவரில் வையுங்கள். ஒலிபெருக்கியில் அலைச் சத்தம் போடுவதைவிட, பக்கத்து மேசைப் பேச்சு கேட்காத அமைதி நல்லது.

வாசலில் இடம் இருந்தால் புன்னை ஒன்று நடுங்கள். உப்புக் காற்றுக்கு அஞ்சாத மரம், நிழலும் மணமுள்ள பூவும் தரும். வெயில் விழும் தொட்டியில் அடும்பைப் படரவிடலாம்.

9. பருவத்தைச் சொல்லும் சுவர்

ஒரு சுவரை ஆண்டு முழுவதும் மாறும் சுவராக வையுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, எந்த மாதம் எந்த மீன் உங்கள் துறைமுகத்தில் மிகுதி என்று மீன் வியாபாரியிடம் கேட்டு நிரப்புங்கள். தடைக்காலக் கட்டத்தில் "இப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்" என்று எழுதுங்கள், அது உண்மையாகவும் இருக்கட்டும். "ஏன் இன்னைக்கு அது இல்ல?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குச் சுவரே பதில் சொல்லும். மீன் இனப்பெருக்கம் செய்யும் காலத்தை மதிக்கும் கடை என்ற பெயரும் வரும்.

10. பணத்தைச் செலவழிக்கும் வரிசை

கையிருப்பு குறைவு என்றால் இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்: கிச்சன் காற்றோட்டமும் வடிகாலும், வழுக்காத தரை, நல்ல விளக்கு, கை கழுவுமிடம், மீன் மேடை, இருக்கை, சுவர்ப் பூச்சு, கடைசியில் மாட்டும் பொருள்கள். முதல் ஐந்தும் முடிந்து பணம் தீர்ந்தால் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரோடு திறந்துவிடுங்கள். வெறுமையை யாரும் குறை சொல்வதில்லை. துடுப்பும் பாயும் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேரும். பின்னவற்றை முதலில் செய்துவிட்டு எக்ஸாஸ்டைச் சுருக்கிய கடையில் வாடையும் புழுக்கமும்தான் மிஞ்சும்.

திறப்பதற்கு முன் ஒரு மாலை

எல்லாம் முடிந்தபின், திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு மாலை ஏழு மணிக்குக் கிச்சனை முழுவதுமாக ஓட்டுங்கள். இருபது பேரையாவது அழைத்துச் சாப்பாடு போடுங்கள். அதில் வயதானவர், கைக்குழந்தையோடு வருபவர், உங்களுக்கு மீன் தரும் வியாபாரி, முடிந்தால் துடுப்பு விற்ற மீனவர் குடும்பமும் இருக்கட்டும். அவர்கள் சாப்பிடும்போது இவற்றைச் சரிபாருங்கள்:

- ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் தட்டிலுள்ள முள் தெரிகிறதா?
- குழம்பின் சிவப்பு கிச்சனில் இருந்ததுபோலவே மேசையிலும் இருக்கிறதா?
- எந்த விளக்காவது யார் கண்ணிலாவது அடிக்கிறதா?
- சப்ளையர் தட்டோடு போகும்போது எங்காவது பக்கவாட்டில் திரும்பி நடக்கிறாரா?
- கை கழுவப் போகிறவர் வழி கேட்கிறாரா?
- தரை நனைந்தபின் செருப்பு வழுக்குகிறதா?
- எதிரில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிறதா?
- வீட்டுக்குப் போனவரின் சட்டையில் எண்ணெய் வாடை ஒட்டியிருக்கிறதா? மறுநாள் தொலைபேசியில் கேளுங்கள்.

அந்த மீனவர் குடும்பத்திடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: "சுவத்துல இருக்கறது எதாவது தப்பா இருக்கா?" வலையின் பெயரோ, கயிற்றின் முடிச்சோ, மீனின் பெயரோ தவறாக இருந்தால் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். அவர்கள் சொன்னதைத் திருத்திவிட்டுக் கடையைத் திறங்கள்.